முப்பதாம் நாள் கேள்வி

நூறு பேருக்கு இந்த ஆபரேஷன் செய்தால் நாலு பேருக்கு உயிராபத்து உண்டு என்று டாக்டர் சொன்னபோது அணைஞ்சபெருமாளுக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. லாரியில் உப்பு லோடு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் காலமெல்லாம் ஏறி இறங்கின மனுஷனுக்கு நூற்றில் நாலு என்ன பிரமாதம், மிச்சப் பேர் பிழைக்கிறார்களே என்றுதான் தலையை ஆட்டினார். பெண்டாட்டி பூங்கனி மஞ்சள் பையை அவர் மடியில் வைத்து, "கீழ வச்சிராதிய, எறும்பு ஏறும்" என்று சொல்லிவிட்டு எக்கோ எடுக்கிற அறைக்குள் போய், கதவு தானாகச் சாத்திக்கொண்ட பிறகுதான் அந்த நாலு பேர் அவர் மனசில் எழுந்து நடமாட ஆரம்பித்தார்கள். எந்த நாலு? அவர் ஹாலைப் பார்த்தார். இரும்பு நாற்காலிகள் வரிசை வரிசையாக, எல்லாவற்றிலும் ஆள். நூறு பேர் தேறும். தேறாவிட்டால் சுவரோரம் குத்தவைத்திருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். சரி, நாலு பேரைப் பிடி. அதோ அந்தக் குல்லாய்க்காரர், இந்தப் புழுக்கத்தில் காதை மூடிக் குல்லாய் போட்டிருக்கிறாரே, அவர் ஒன்று. தூணில் சாய்ந்து வாயால் மூச்சு வாங்குகிறவர் இரண்டு. மூன்றாவதுக்குப் போகும்போது மனசு கூசியது. முகம் தெரியாத ஆளைப் பிடித்துச் சாகக் கொடுக்க நீ யார்ல? இருந்தாலும் விட முடியவில்லை, பல்லில் மாட்டின நார் மாதிரி அங்கேயே நாக்கு போயிற்று. வெற்றிலை மெல்லுகிற அம்மாளை மூன்றாவதாக எண்ணி, பாவம், மடியில் பேரப்பிள்ளை இருக்கு என்று தள்ளிவிட்டு, அவளுக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக்காரனைப் பிடித்தார். கண்ணாடிக்காரன் சின்ன வயசு, அவனையும் விட்டார். எப்படிச் சுற்றி எண்ணினாலும் கடைசியில் நாலாவது ஆள் வந்து உட்காருகிற இடம் அவருக்குப் பக்கத்து நாற்காலியாக இருந்தது. அதில் யாரும் இல்லை. பூங்கனி இடம் பிடித்து வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் இருந்தது. நூற்றில் நாலு என்றால் அவளில் நாலு பங்கு சாகும் என்றா அர்த்தம்? ஒரு விரல் போய், ஒரு காது போய், மற்றபடி இருப்பாள் என்றா? போனால் முழுசாகப் போவாள். இருந்தால் முழுசாக இருந்து எறும்பு ஏறும் என்பாள். டாக்டர் நூறு பேரைப் பார்த்துப் பேசுகிறார். எனக்கு இருப்பது ஒருத்தி.

அவருக்கு இந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதே உடம்பெல்லாம் முள்ளாகக் குத்தியது. பதினோரு வருஷமாக இந்தப் பெரியாஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. இந்த வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினதில்லை, சுற்றிப் போகிற பஸ்ஸுக்கு நிற்பார். சொந்தக்காரர் யாராவது இங்கே படுத்திருந்தால் பார்க்க வரமாட்டார், வீட்டுக்கு வந்த பிறகு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போவார். ஏன் என்று கேட்டால், "எந்தம்பி கொம்பையாவக் கொன்ன எடம்" என்பார், பேச்சு அதோடு நின்றுவிடும். அவன் உயிர் போன அந்த வராந்தா இந்த ஹாலுக்குப் பின்னால்தான் எங்கேயோ இருக்கிறது. இப்போது டைல்ஸ் போட்டிருப்பார்கள். அன்றைக்குச் சிமெண்டுத் தரை. அதில் கொம்பையாவைச் சேலைத் தொட்டில் மாதிரி ஒரு போர்வையில் நாலு பேராகத் தூக்கிக்கொண்டு நின்றார்கள், ஸ்ட்ரெச்சர் வரும் வரும் என்று. வார்டுக்காரன் ஒருத்தன் வாளியோடு வந்து, "ஓரமாப் போ பெருசு" என்றான். அன்றைக்கு இவருக்கு ஐம்பத்தேழு வயசு, மீசையில் ஒரு நரை கிடையாது, பெருசாம். ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் போர்வை கனத்துவிட்டது. கனத்தது அவருக்குக் கையில் தெரிந்தது, யாரும் சொல்லித் தெரியவில்லை. இப்போது மகள் அழுது சண்டை போட்டு, இங்கேதான் இருதய வால்வு மாற்றுகிற நல்ல டாக்டர் இருக்கார் என்று அம்மாவையும் அப்பாவையும் காலையில் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டாள். அவரும் சரி என்று வந்துவிட்டார். ஆனால் யாரிடமும் சொல்லாத ஒன்று சட்டைப் பையில் இருந்தது, ஆட்டோக்காரன் நம்பர். எக்கோ முடிந்ததும் ரிப்போர்ட்டை வாங்குவது, பெட் எழுதுகிற நர்ஸம்மாவிடம் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்று சொல்லுவது, ஆட்டோவைக் கூப்பிட்டு பைபாஸ் ரோட்டில் முகப்பெல்லாம் கண்ணாடி பதித்த தனியார் ஆஸ்பத்திரி, ஊரில் கண்ணாடி ஆஸ்பத்திரி என்பார்கள், அங்கே போய்விடுவது. காப்பீட்டு அட்டை அங்கேயும் செல்லும். அங்கே வரவேற்பில் பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள், சென்ற ஆண்டு இருதய அறுவைச் சிகிச்சையில் உயிரிழப்பு பூஜ்யம் என்று. நூற்றில் நாலுக்கும் பூஜ்யத்துக்கும் வித்தியாசம் தெரிய அஞ்சாவதுக்கு மேல் படிக்க வேண்டியதில்லை. பூங்கனி வெளியே வருவதற்குள் மனசைக் கெட்டிப்படுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவள் கேட்டால், நான் சொல்லுதேன் நீ வா என்று சொல்லிவிட வேண்டும்.

அப்படிக் கெட்டிப்படுத்திக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு பெண் குரல் யாரிடமோ, "காலையில என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டது. நாற்காலி வரிசை முடிகிற இடத்தில் ஒரு மேஜை, மேஜையில் போன், போனுக்குப் பின்னால் வெள்ளைச் சேலையில் ஒரு நர்ஸம்மா. நாற்பது நாற்பத்தஞ்சு வயசிருக்கும். இடுப்பில் பட்டை பெல்ட் கட்டியிருந்தாள், முதுகுவலி போலிருக்கிறது. தோளுக்குக் கீழே குத்தியிருந்த ஒரு தகட்டில் பியூலா என்று பேர். அவள் போனில் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. முதலில் நலம் விசாரிப்பாள், ஐயா நல்லாயிருக்காங்களா, அம்மா நல்லாயிருக்காங்களா. அந்தப் பக்கம் ஏதோ சொல்லும். அதைக் கேட்டு அவள் எழுதுவதில்லை. பேனா காற்றிலேயே நிற்கும். "காலையில என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் பேனா இறங்கும். கஞ்சியா, சரி. புட்டா, சரி சரி. இன்னும் படுக்கையை விட்டு எழும்பலையா, டீ மட்டுமா, பரவாயில்ல. இது என்ன வேலை? கடனைத் திருப்பிக் கேட்கிறவன் இப்படிக் கொஞ்சிப் பேசமாட்டான். ஆஸ்பத்திரிக்காரிக்கு ஊரான் வீட்டுப் புட்டு எதற்கு? அணைஞ்சபெருமாளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று கண் முன்னால் நடந்தால் பொறுக்காது. லாரி ஷெட்டில் புது மெக்கானிக் எதைக் கழற்றினாலும் பக்கத்தில் போய்க் குனிந்து பார்ப்பார், ஏச்சு வாங்குவார், மறுபடியும் குனிவார். பகை ஒரு பக்கம் இருக்கட்டும், அது எங்கே போகப்போகிறது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் பாட்டில் இடம் பிடித்து நிற்கிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மேஜைக்கு அடுத்த நாற்காலிக்கு மாறினார்.

"ஏம்மா, ஊர்ல உள்ளவன் திங்கிறதெல்லாம் கேட்டு எழுதுதியே, ஓட்டல் கீட்டல் வைக்கப்போறியளா?" என்றார். பியூலா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "வச்சா மொத இட்லி அண்ணாச்சிக்குத்தான். இங்க ஆபரேஷன் பண்ணிட்டுப் போறாங்கல்ல, முப்பதாம் நாள் கூப்பிட்டுக் கேப்போம், உசிரோட இருக்காங்களா இல்லையான்னு." அவருக்குச் சுருக்கென்றது. இதை இப்படிப் பச்சையாகச் சொல்லுகிறாளே. "அதுக்கு அத நேரடியாக் கேக்க வேண்டியதுதான?" "கேட்டா எல்லாரும் நல்லாயிருக்காவம்பாங்க அண்ணாச்சி. முதியோர் பணம் நின்னு போயிருமோன்னு பயம். சில பேருக்கு அந்த வார்த்தைய வாயால சொல்ல மனசு வராது, இருக்காங்க இருக்காங்கன்னே சொல்லுவாங்க. மொதல்ல நானும் அப்படியே எழுதிட்டேன். ஒரு வருஷக் கணக்கப் பாத்தா ஒருத்தரு கூடச் சாகல. அப்புறந்தான் இந்தக் கேள்வி. பொய் சொல்ல நெனைச்சாலும் காலையில என்ன சாப்பிட்டாங்கன்னா வாய் நின்னுபோகும்." பேசிக்கொண்டே அடுத்த எண்ணைத் தட்டினாள். அணைஞ்சபெருமாள் அந்த நின்றுபோன வாய்களை நினைத்துப் பார்த்தார். கொம்பையா போன மறுநாள் காலை, தம்பி பெண்டாட்டி அடுப்படியில் அவனுக்கும் சேர்த்து அரிசி அளந்து போட்டுவிட்டு, உழக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றது ஞாபகம் வந்தது. அது சரி, முப்பதாம் நாள் ஏன்? பதினாறாம் நாள் ஏன் கேட்கக் கூடாது? பதினாறில் வீடு நிறைய ஆள் இருக்கும், யார் போனை எடுப்பது. முப்பதில் வீடு அடங்கியிருக்கும். இல்லை, அதுவாக இருக்காது, படித்தவர்கள் வேறு ஏதாவது கணக்கு வைத்திருப்பார்கள். கேட்கலாம். கேட்டால் சிரிப்பாளோ.

அடுத்த போனில் அவள் சிரிக்கவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரு ஆண்பிள்ளையின் குரல், என்ன பேசுகிறான் என்று தெரியவில்லை, கரகரவென்று நீண்டு போயிற்று. "சரிங்க. எப்ப? ... நம்ம ஆம்புலன்ஸ்லதான் போனீங்களா? ... நடுவீட்டுலயா? ... இல்லய்யா, உங்க மேல ஒண்ணும் தப்பு இல்ல. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டு போகணும்னு யாருக்குத்தான் இருக்காது. ... நீங்க சாப்பிட்டீங்களா?" போனை வைத்துவிட்டு ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டாள். அணைஞ்சபெருமாள் எட்டிப் பார்த்தார். "போயிட்டாரா?" "ஆமா. இங்க இருந்து போன ரெண்டாம் நாளு." "வீட்டுலதான போனாரு? அதுக்கு நீ ஏன் கோடு போடுத?" "எங்க ஆபரேஷன்தான அண்ணாச்சி. சாவு வீட்டுல நடந்தா எங்க கணக்குல இல்லாமப் போயிருமா?" அவருக்கு அது விளங்கவில்லை. விளங்கியது, ஆனால் மனசில் உட்காரவில்லை. ஆற அமர யோசித்தார். கொம்பையாவை விட்டால் அவர் ஊரில் யார்தான் ஆஸ்பத்திரியில் செத்தது? கை விட்டாச்சு என்று தெரிந்ததும் சொந்தக்காரர் கூடிப் பேசி, எழுதிக் கொடுத்துவிட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றி, ஒருத்தன் பலூனை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே வர, நடுவீட்டில் கிடத்தின பிறகு அந்தக் கை நிற்கும். பக்கத்துவீட்டுப் பொன்னுச்சாமி அப்படி, இவர் மச்சினன் அப்படி, எதிர்வீட்டு ஆசாரி அப்படி. பிணமாக வந்தால் வாசலோடு சரி, உள்ளே கொண்டு போகக்கூடாது என்று ஒரு எண்ணம். அப்படியானால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது எல்லாரும் உயிரோடுதான் தாண்டியிருக்கிறார்கள். வாசலோடு எழுதி முடிக்கிற ஆஸ்பத்திரியில் சாவே கிடையாது. பூஜ்யம். அந்தப் பெரிய போர்டு அவர் கண் முன்னால் வந்து நின்றது, பளபளவென்று, நீல எழுத்தில், கீழே செயற்கைப் பூந்தொட்டி. மனுஷன் சாகாத இடம் என்று உலகத்தில் ஒன்று இருக்குமா? இத்தனை நாள் அதை ஏன் ஒருதரம் கூட யோசிக்கவில்லை?

"கண்ணாடி ஆஸ்பத்திரில ஒருத்தரும் சாகலயாமே" என்றார், சும்மா கேட்கிற மாதிரி. பியூலா அதற்குப் பிடி கொடுக்கவில்லை. "மத்த எடத்தப் பத்தி எனக்குத் தெரியாது அண்ணாச்சி. எங்க சங்கதிதான் தெரியும்." எங்க சங்கதி என்றபோது அவள் தலை தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பியது. அங்கே ஒரு படம் ஒட்டியிருந்தது. இவ்வளவு நேரம் அதை இருதயத் துடிப்புப் படம் என்றுதான் நினைத்திருந்தார், ஏறி இறங்கி ஏறி இறங்கிப் புள்ளிகள், நடுவே ஒரு கோடு, மேலேயும் கீழேயும் ஒவ்வொரு கோடு. ஒரே ஒரு புள்ளி மட்டும் மேல் கோட்டைத் தாண்டித் துள்ளி நின்றது, அதைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள். யாருடைய இருதயம் இது என்று கேட்டார். "ஆஸ்பத்திரியோடது" என்றாள் அவள். மாசத்துக்கு ஒரு புள்ளி. ஆபரேஷன் பண்ணின இடம் சீழ் பிடித்தவர்கள் எத்தனை பேர் என்று. ஒரு மாசம் கூடும், ஒரு மாசம் குறையும், அது சும்மா நடக்கிறதுதான், அதற்கெல்லாம் யாரையும் பிடித்து ஏசக் கூடாது. மேல் கோட்டைத் தாண்டினால்தான் ஏதோ இருக்கு, போய்த் தேடு என்று அர்த்தம். "தேடினியளா?" "தேடினோம். கத்தி, துணி எல்லாம் அவிக்கிற மெஷின்ல சூடு பத்தல. அது யாருக்கும் தெரியல, அந்தப் புள்ளிதான் சொல்லிச்சு." அவர் அந்தச் சிவப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தக் குற்றத்தை யாராவது சுவரில் ஒட்டுவார்களா? ஊர் பார்க்க, வருகிறவன் போகிறவன் பார்க்க? மலை ஏறும்போது லாரியில் இன்ஜின் சூடு காட்டுகிற முள் ஆடிக்கொண்டேதான் இருக்கும், ஆடுகிறதே என்று வண்டியை நிறுத்தினால் கேரளாவுக்குப் போய்ச் சேர முடியாது. ஒரு இடத்துக்கு மேலே போனால் மட்டும் ஓரங்கட்டி, ரேடியேட்டர் மூடியில் சாக்கைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு திறக்க வேண்டும். அது ஒன்றுதான் இதில் அவருக்குப் பழக்கமான சங்கதி. மற்றதெல்லாம் புதுசு. ஆஸ்பத்திரிக்கு ஒரு முள் இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

இந்த நூற்றில் நாலு எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது பியூலா, அது எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கை இல்லை என்றாள். வயசு என்ன, சுகர் உண்டா, கிட்னி எப்படி, எந்த நிலைமையில் வந்தார்கள், எல்லாம் பார்த்து ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பு போடுவார்களாம். கஷ்டமான கேஸாக வந்தவர்களையும் லேசான கேஸாக வந்தவர்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாதாம். "அப்படி வச்சா என்ன ஆகும்னா அண்ணாச்சி, கஷ்டமான ஆளத் தொடுற டாக்டர் கெட்டவராத் தெரிவாரு. தொடாம வேற எடத்துக்கு அனுப்பி விட்டவரு நல்லவராத் தெரிவாரு." இதைச் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போனை எடுத்துவிட்டாள். அணைஞ்சபெருமாளுக்குப் பழைய லாரி நாள் ஞாபகம் வந்தது. புளியரை அடிவாரம். மலை தொடங்குகிற இடத்தில் புளியமரத்தடியில் டிரைவர்கள் லாரியைக் கை மாற்றிக்கொள்வார்கள். சமவெளியில் ஓட்டிக்கொண்டு வருகிறவன் சண்முகக்கனி, முதலாளிக்கு வேண்டியவன். தேய்ந்த டயரோடு வண்டியைக் கொண்டு வந்து இவரிடம் கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாத்துப் போங்கண்ணே" என்பான். மலையில் ஏறும்போது வெடிக்கும். வெடித்தது யார் கையில்? அணைஞ்சபெருமாள் கையில். ஷெட்டில் ஒரு கரும்பலகை, டிரைவர் பேர் வரிசையாக, டயர் வெடித்தால் பேருக்கு நேராக ஒரு சாக்குக்கட்டிக் கோடு. சண்முகக்கனி பேருக்கு நேராகத் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். இவர் பேருக்கு நேராக வேலி அடைத்த மாதிரி இருக்கும். மலை ஏறுகிறவனுக்கும் சமவெளியில் ஓட்டுகிறவனுக்கும் ஒரே கோடா மொதலாளி என்று கேட்டதற்கு, "கோடு கோடுதாம்ல" என்றார் அந்த மனுஷன், அதோடு அந்த ஷெட்டில் வேலை போயிற்று. இருபது வருஷம் இருக்கும். முதலாளி செத்து, மகன் ஷெட்டை விற்று, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. இன்றைக்கும் அந்த மண்டபத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் அவர் போவதில்லை, மொய் மட்டும் கொடுத்து அனுப்புவார்.

கொம்பையா கண்ணாடி ஆஸ்பத்திரியில்தான் முதலில் இருந்தான். ஒரு வாரம். இது மறந்துபோன விஷயம் இல்லை, எப்போதும் தெரிந்ததுதான், ஆனால் தெரிந்த விஷயம் வேறு ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தது. அங்கே டாக்டர் தோளைத் தொட்டுப் பேசினார். குளுகுளு அறை. காகிதக் கப்பில் காப்பி, நல்ல காப்பி, இன்னொன்று கொடுத்தார்கள். ஒரு சாயங்காலம் அதே டாக்டர் அதே மாதிரி தோளைத் தொட்டு, இனிமேல் பெரியாஸ்பத்திரியில்தான் அதற்கு மெஷின் இருக்கு, உடனே கொண்டு போங்க என்றார். உடனே என்றார். கும்பிட்டுவிட்டுத்தான் வந்தார் அணைஞ்சபெருமாள், கையெடுத்துக் கும்பிட்டார், கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து வழிவிட்டது. அந்த டாக்டரும் சண்முகக்கனி மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பார்த்துப் போங்க என்றுதானே சொன்னார்? ஸ்டெதஸ்கோப்புதான் துண்டா? சே, அப்படியும் ஒரேயடியாகச் சொல்ல முடியாது, நிஜமாகவே அங்கே மெஷின் இல்லாமல் இருந்திருக்கலாம். அது யாருக்குத் தெரியும். ஆனால் வெடித்தது இங்கே. கோடு போட்டது யார்? நான் போட்டேன். பதினோரு வருஷமாகப் போகிற வருகிறவனிடமெல்லாம் இந்த வாசலுக்கு நேராகச் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன், அந்த முதலாளி மாதிரி. அவருக்கு அவமானமாகவும் இருந்தது, அதைவிட ஆச்சரியமாக இருந்தது. ஒரு மனுஷன் தனக்கு நடந்த அநியாயத்தை இருபது வருஷம் நெஞ்சில் வைத்துக்கொண்டு, அதே அநியாயத்தை இன்னொருத்தருக்குச் செய்துகொண்டு, இரண்டும் ஒன்று என்று தெரியாமலே இருந்துவிட முடியுமா? முடியும் போலிருக்கிறது. அந்த வாளிக்காரன் மட்டும் வேறு. அவனுக்கு எந்தக் கணக்கிலும் மன்னிப்புக் கிடையாது. பெருசாம்.

போனை வைத்ததும் கேட்டார். "ஏம்மா, ஒருத்தன் வேற ஆஸ்பத்திரில ஒரு வாரம் கெடந்து, கடைசில இங்க வந்து வராந்தாவுலயே போயிட்டான். அவன் யார் கணக்கு?" பியூலா அவர் முகத்தைப் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை. "எப்ப அண்ணாச்சி?" "அது ஆச்சு, பதினோரு வருஷம்." "அப்பன்னா எங்க கணக்குலதான் எழுதியிருப்பாங்க. செத்த எடந்தான் அப்ப கணக்கு. இப்ப மொதல்ல எங்க சேத்தாங்க, எந்த நிலைமையில இங்க வந்தாங்கன்னும் சேத்து எழுதுதோம். முழுக்கச் சரின்னு சொல்ல முடியாது. முன்னைக்கு இப்பம் பரவாயில்ல." அவர் தலையாட்டினார். எங்கேயோ ஒரு மூலையில் ஒரு பழைய கரும்பலகையில் கொம்பையா ஒரு கோடாக நிற்கிறான், தப்பான பேருக்கு நேராக. அதை இனி யார் அழித்து மாற்றி எழுதுவது. "இங்க உள்ளவங்க ஸ்ட்ரெச்சராவது சீக்கிரம் கொண்டாந்திருக்கலாம்" என்றார் பிறகு. "கொண்டாந்திருக்கணும்" என்றாள் பியூலா. அவர் எதிர்பார்த்தது ஏதாவது சாக்கு. சாக்கு சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார்.

எக்கோ அறைக் கதவு திறந்தது. வேறு யாரோ வந்தார்கள். மறுபடி சாத்திக்கொண்டது. உள்ளே அவள் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருப்பாள், நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி உருளையை வைத்து அமுக்குவார்கள், கூச்சத்தில் கண்ணை மூடிக்கொள்வாள். வால்வு சரியாக மூடவில்லையாம், ரத்தம் போன வழியே திரும்பி வருகிறதாம். இரண்டு வருஷமாகவே மாடிப்படி நாலு ஏறினால் நின்று, சேலையைச் சரி செய்கிற மாதிரி மூச்சு வாங்கிக்கொள்வாள். அதைச் சேலையைச் சரி செய்வது என்றே இவரும் நம்பினார். நாற்காலியில் பாட்டில் அப்படியே இருந்தது. நூற்றில் நாலு. இந்தக் கணக்கெல்லாம் விளங்கினதால் அந்த நாலு குறைந்துவிடவில்லை, குல்லாய்க்காரரும் தூணடியாரும் இன்னும் அங்கேதான் இருந்தார்கள், நாலாவது நாற்காலியும் அங்கேதான் இருந்தது. இவர்கள் ஒன்றும் பூஜ்யம் என்று சொல்லவில்லை. நாலு என்கிறார்கள். நாலு என்று சொல்லுகிறவனை நம்புவதா, பூஜ்யம் என்று சொல்லுகிறவனை நம்புவதா? ஒருவேளை அவள் அந்த நாலில் போய்விட்டால், வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் நடுவீட்டில் கிடத்தினாலும், இந்த இடுப்பு பெல்ட் போட்ட அம்மா முப்பதாம் நாள் தேடிப் பிடித்துக் கூப்பிட்டு, என்ன சாப்பிட்டாங்க என்று கேட்டு, இவர் வாய் நின்றுபோனதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் பேருக்கு நேராகக் கோடு போடுவாள். கண்ணாடி ஆஸ்பத்திரியில் யாரும் கூப்பிடமாட்டார்கள். அங்கே பூங்கனி வாசலைத் தாண்டினதும் கண்ணாடிக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். இதில் பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பயந்தாவது கொஞ்சம் கவனமாகத் தைக்கமாட்டார்களா?

சட்டைப் பையில் கை விட்டார். ஆட்டோக்காரன் நம்பர் எழுதின சீட்டு விரலில் பட்டது. அதை எடுக்காமல் அதற்குக் கீழே இருந்த போனை எடுத்தார். "எம்பொண்டாட்டி உள்ள இருக்கா. பூங்கனி. வால்வு. அட்மிஷன் போடச் சொல்லியிருக்காவ" என்றார். "முப்பதாம் நாளு கூப்பிடுவியல்லா, அதுக்கு எந்த நம்பரு?" பியூலா, வீட்டில் யார் போன் எடுப்பார்களோ அந்த நம்பர் போதும், மகள் நம்பர் கொடுத்தாலும் சரி என்றாள். "மக வேண்டாம். அவ அழுவா. எனக்கே அடி." "தெரியாத நம்பர்னா எடுப்பீங்களா அண்ணாச்சி? பாதிப் பேரு எடுக்க மாட்டேங்காங்க." எடுக்கமாட்டார். அது அவருக்கே தெரியும். பேர் வராத நம்பர் வந்தால் அது லோன் வேண்டுமா என்று கேட்கிறவன் என்று சத்தம் ஓயும்வரை போனைக் கவிழ்த்து வைப்பார். "எடுப்பேன். இப்ப அடிச்சுப் பாரு" என்றார்.

அவர் தன் நம்பரைச் சொல்லச் சொல்ல அவள் சிரித்துக்கொண்டே மேஜைப் போனில் தட்டினாள். கையில் இருந்த போன் அதிர்ந்து பாட்டுப் பாடியது. இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறவளின் போன்தான். பச்சையைத் தள்ளிக் காதில் வைத்தார். ஒரு காதில் நேராகவும் ஒரு காதில் போன் வழியாகவும் ஒரே குரல் வந்தது. "வணக்கம், பெரியாஸ்பத்திரி இருதயப் பிரிவுல இருந்து பேசுதேன். பூங்கனியம்மா நல்லாயிருக்காங்களா?" "நல்லாயிருக்கா" என்றார். பேனா காற்றில் நின்றது. "காலையில என்ன சாப்பிட்டாங்க?"

அவர் வாய் நின்றுபோயிற்று. விளையாட்டுக்குத்தான் கேட்கிறாள் என்று தெரிந்தும் நின்றது. அப்போது எக்கோ அறைக் கதவு திறந்து, நெஞ்சில் பசையின் ஈரம் சேலைக்கு மேல் திட்டாகத் தெரிய, முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு பூங்கனி வெளியே வந்தாள். பழைய நாற்காலியில் அவரைத் தேடினாள். பாட்டில் மட்டும் இருந்ததைப் பார்த்து முகம் வெளிறி, நாலு பக்கமும் திரும்பி, கடைசியில் மேஜைப் பக்கம் கண்டுபிடித்து, "இங்கன உக்காந்து யாருகூடப் போன் பேசுதிய? நா ஒரு நிமிசம் பயந்தேபோயிட்டேன்" என்று ஹாலுக்கே கேட்க ஏசிக்கொண்டே நடந்து வந்தாள். மூன்று நாற்காலி தாண்டி நின்று, சேலையைச் சரி செய்தாள். சேலை சரியாகத்தான் இருந்தது. அவள் மூச்சு வாங்கி முடிக்கிறவரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் பஸ் ஸ்டாண்ட் கடையில் இலை போட்டு உட்கார்ந்தது, எனக்கு இறங்கல என்று அவள் பிய்த்து அவர் இலைக்குத் தள்ளினது, ஆபரேஷன் பயத்தில் பட்டினி கெடக்கியா என்று அவர் சள்ளென்று விழுந்தது எல்லாம் வரிசையாக வந்தது.

"ஒண்ணரை இட்லி" என்றார் போனில். "மிச்ச அரைய நாந்தான் தின்னேன். எழுதிக்கோ."